பதினான்காம் எண்

"சிஸ்டம் ப்ராப்ளம்" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். பதினெட்டு வருடமாக ஒரே ஆபீசின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சிஸ்டத்துக்கென்று தனியாக ஒரு பிரச்சினை வந்து நான் பார்த்ததில்லை. யாராவது காலால் ஒயரை இழுத்திருப்பார்கள். செட்டிங்கை மாற்றிவிட்டு, நான் தொடவே இல்லை என்று சாதிப்பார்கள். ப்ரிண்டர் தலையில் டீ டம்ளரை வைத்திருப்பார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பழியைச் சிஸ்டத்தின் மேல் போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார்கள்.

ஆபீஸ் திருவெறும்பூர்ப் பக்கம் இருக்கிறது. இரும்புத் தகடுகளை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பும் பட்டறை. பின்னால் ஷெட், முன்னால் ஆபீஸ். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, பஸ் மாறி, தினமும் போய்வருகிறேன். டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். ஒரு முறை நெட் போய், ரிப்பேருக்கு வந்த ஆள் இதோ அதோ என்று இரண்டு நாள் இழுத்தடித்தார். மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் நானே புகுந்துவிட்டேன். ஒயரின் கிளிப் உடைந்திருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. டைப்பிங்கும் என்னை விட்டுப் போகவில்லை.

ஒன்றும் படிக்காமல் இந்த வேலைக்கு வந்ததால் எல்லாவற்றையும் எழுதிவைப்பேன். இதற்கென்று நீண்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். ஆபீசில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு, வீட்டுக்குக் கதவு எண் இருப்பதுபோல. அந்த எண்ணை வைத்துத்தான் நெட்வொர்க் அதை அடையாளம் காணும். தானாக எண் கொடுக்கும்படி விட்டுவிடலாம். எனக்கு அது பிடிக்காது. பதினொன்றிலிருந்து இருபது வரை நானே என் கையால் கொடுத்தேன். யாருக்கு எது, எப்போது கொடுத்தது, மெயில் செட்டிங் என்ன, எல்லாம் நோட்டில் இருக்கும். நடுவில் பதினான்கை மட்டும் அடித்திருந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் பழையதாகி, நான்கு வருடம் முன்பு ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டது. மிச்சம் ஒன்பது.

அந்த ஒன்பதில் பதினாறாம் எண் பாயுடையது. சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். பாலக்கரையில் வீடு. நான் சேர்வதற்குப் பல வருடம் முன்பே அங்கே இருந்தவர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. ஆபீசில் முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் பாய்தான். அவரிடம் ஒரு பழக்கம். வரும் மெயிலையெல்லாம் ப்ரிண்ட் எடுப்பார். மூலையில் வந்த நேரத்தைப் பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டு, துளை குத்தி ஃபைலில் கோத்துவிடுவார். பிறகு கம்ப்யூட்டரில் அந்த மெயிலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துவார். இடத்தை விட்டு எழுந்திருக்கும்போது இன்பாக்ஸில் ஒன்றும் நிற்கக் கூடாது. காகிதம் வீண் என்று நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன். "உங்க மிஷின் மறந்துடும்மா. என் ஃபைல் மறக்காது," என்பார்.

அந்த வருடம் ஆயுத பூஜை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் அரை நாள் வேலை. பிறகு எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவோம். ஆரத்தி முடிந்ததும் எல்லா மிஷினும் ஒரு நிமிடமாவது ஓட வேண்டும். கட்டிங் மிஷின் ஒரு சுற்றுச் சுற்றும். வெல்டர் ஒரு பொறி விடுவார். கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு, பிறகு அணைப்பார்கள். அன்று ஜும்ஆ என்பதால் பாய் பதினொன்றே முக்காலுக்கே தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார். நான் பின்அறையில் பொரி, கடலை, பழம் வைத்துப் பை போட்டுக்கொண்டிருந்தேன். பாய் திரும்பி வந்து, தன் பொரிப் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை விஜயதசமி, மறுநாள் ஞாயிறு, இரண்டு நாளும் விடுமுறை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. எங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு கம்பெனியின் இன்ஸ்பெக்ஷன் ஆட்கள் மூன்று பேர் இறங்கினார்கள். சரக்கைப் பார்த்து ஒப்புதல் தர வந்தவர்கள். எங்களிடம் ஒன்றும் தயாராக இல்லை. பாதித் தகடுகளுக்குத் துரு பிடிக்காமல் அடிக்கும் ப்ரைமர்கூட அடிக்கவில்லை. "வெள்ளிக்கிழமையே மெயில் போட்டிருந்தோமே," என்றார்கள். அப்படி ஒரு மெயிலை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் டீகூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் அவர்களிடமிருந்து அந்த மெயிலின் நகல் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு இருபதுக்கு, பாயின் முகவரிக்குப் போயிருந்தது. ஏன் இப்படி ஆனது என்று சனிக்கிழமை மாலைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். மெயில் சர்வரை நடத்துகிறவர்களைப் போனில் பிடித்தேன். அரை மணி நேரம் சங்கீதம் கேட்க வைத்துவிட்டு, ஒரு பெண் பேசினாள்.

"மேடம், எங்க சைடுல எந்த இஷ்யூவும் இல்ல. பன்னெண்டு இருபத்தொண்ணுக்கு மெயில் வந்திருக்கு. பன்னெண்டு அம்பத்திரண்டுக்கு உங்க ஆபீஸ் கனெக்ஷன்ல இருந்துதான் எடுத்திருக்காங்க. எடுத்ததும் டெலிட் ஆயிருக்கு."

முதலாளி இதைக் கேட்டதும் முடிவுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அவமானப்பட்ட சூட்டில் யார் மேலாவது கோபத்தை இறக்கிவைக்க வேண்டியிருந்தது. பாயைக் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டு, "தொழுகைக்குப் போற அவசரத்துல கை பட்டிருக்கும் பாய். ஒத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு," என்றார். திங்கட்கிழமையிலிருந்து பாய் கேட்டில் உட்கார்ந்து வண்டி ரிஜிஸ்டர் எழுதட்டும் என்றும் சொன்னார். என்னிடம் கடிதத்தையும் சொல்லிவிட்டார். பணியாளரின் கவனக்குறைவால் மின்னஞ்சல் அழிந்தது, அவர் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். இதை டைப் செய்து சனிக்கிழமை கையெழுத்துக்கு வைக்க வேண்டும்.

பாய் தன் இடத்துக்குப் போனார். பின்னாலேயே போனேன். ஃபைலைத் திறந்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அல்லாஹ் அறிய நான் அழிக்கலம்மா," என்றார். "கேட்ல உக்காரச் சொல்றாரு, உக்காருறேன். அதுவும் வேலைதான். தொழுகைக்குப் போனதால தப்பு நடந்துச்சுன்னு சொல்றாரே, அதைத்தான் என்னால தாங்க முடியல."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முதலாளி மேல் பாதி, இந்தக் குழப்பத்தின் மேல் பாதி. வாழ்நாளில் ஒரு மெயிலைக்கூட ப்ரிண்ட் எடுக்காமல் விட்டிராத மனிதர் படிக்காத மெயிலை அழித்தார் என்றால் யார் நம்புவது? அந்தக் கடிதத்தை நான் டைப் செய்யப்போவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன். சனிக்கிழமை மாலை வரை நேரம் இருந்தது.

முதலில் பாயின் கம்ப்யூட்டரையே குடைந்தேன். எந்த நேரத்துக்கு யார் உள்ளே வந்தார்கள் என்று அதிலேயே பதிவாகியிருக்கும். வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பத்தைந்துக்கு அணைத்திருக்கிறார். ஆரத்திக்குப் பிறகு யாரோ போட்டிருக்கிறார்கள். ஆனால் பாஸ்வேர்டு கேட்டபடி அப்படியே நின்று, பிறகு அணைந்திருக்கிறது. அடுத்தது திங்கட்கிழமை காலைதான். ப்ரிண்ட் எடுத்துக்கொண்டு போய் முதலாளி மேஜையில் வைத்தேன்.

"போன்ல இருந்துகூட அழிக்கலாம்னு சொல்றாங்களேம்மா," என்றார்.

"பாய் வச்சிருக்கறது பட்டன் போன் சார்."

அவர் காகிதத்தை என் பக்கமாகத் தள்ளினார். "சரி, அவர் அழிக்கல. அப்ப மெயில் எங்க? அதை எடுத்துட்டு வாங்க. மெயிலைக் காட்டினா லெட்டரை மாத்திக்கலாம்."

வியாழக்கிழமை முழுவதும் மற்ற எட்டுக் கம்ப்யூட்டர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொருவரையும் எழுப்பிவிட்டு, அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மெயில் செட்டிங்கைப் பார்த்தேன். எந்த முகவரி, எந்த வழியில் எடுக்கிறது, எங்கே சேமிக்கிறது, எல்லாம் பார்த்தேன். அக்கவுண்ட்ஸில் இருந்தவர், "மேடம், என் மேலயும் சந்தேகமா?" என்றார். "எல்லார் மேலயும்தான், எந்திரிங்க," என்றேன். பாயின் முகவரி ஒன்றில்கூட இல்லை. சாயங்காலம் கண் எரிந்தது.

வீட்டுக்கு வந்து காபி போடும்போதும் அதே யோசனைதான். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், ஊர் வம்பு வேண்டாம் என்கிற ரகம். "உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலையே. நோக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றார். டம்ளரை நீட்டினேன். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதே எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. மெயில் செட்டிங் எல்லாம் என் வேலை. அதில் ஒன்று காணாமல் போனால், முதலில் என்னைத்தானே கேட்டிருக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலை, ஆபீஸின் நெட் எல்லாம் போய்வரும் ரூட்டரைத் திறந்தேன். முன்பே திறந்திருக்கலாம். என் நோட்டில் ஒன்பது, ஆகவே ஆபீசில் ஒன்பது என்று அவ்வளவு திமிராக இருந்துவிட்டேன். ரூட்டரில் ஒரு பட்டியல் உண்டு. எந்த எண் எப்போது கடைசியாக நெட்டுக்கு வந்தது என்று காட்டும். போன்களுக்கெல்லாம் நூறுக்கு மேல் எண் கொடுத்திருந்தேன், அவற்றை விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர்களை எண்ணினேன். பத்து இருந்தன.

பதினான்கு. கடைசியாக வந்தது போன வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

ஸ்டோர் ரூம் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். பழைய ஃபேன், உடைந்த நாற்காலி, பெயின்ட் டப்பாக்கள், அவற்றுக்குப் பின்னால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி. மற்றதெல்லாம் ஒரு விரல் தூசியில் இருக்க, அது மட்டும் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். சந்தனம் காய்ந்து ஓரத்தில் உதிர ஆரம்பித்திருந்தது.

அங்கேயே பிளக் பாயின்ட் இருந்தது. பழைய மானிட்டரைத் தேடி மாட்டினேன். நெட் ஒயரை மட்டும் மாட்டவில்லை. போட்டதும் அது பாஸ்வேர்டு கேட்காமல் நேராகத் திறந்தது. மெயில் தானாகவே வந்து நின்றது. அந்தக் காலத்தில் அப்படி வைத்ததும் நான்தான், காலையில் வந்ததும் தேட வேண்டாம் என்று. மேலே மூன்று மெயில்கள், படிக்காதவை. ஒன்று கூரியர்க்காரர்களுடையது. ஒன்று யாரோ அனுப்பிய ஆயுத பூஜை வாழ்த்து. மூன்றாவது இன்ஸ்பெக்ஷன். அதற்குக் கீழே, இது பாயின் மேஜையில் இருந்த காலத்து மெயில்கள், நான்கு வருடப் பழையவை.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. மெயிலை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்றில், கடிதம் தபால் பெட்டியிலேயே இருக்கும், நாம் போய்ப் படித்துக்கொள்ளலாம். இன்னொன்றில், பெட்டியைத் திறந்து கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம், பெட்டி காலியாகிவிடும். இப்போது எல்லோருக்கும் முதல் வழிதான் வைத்திருக்கிறேன். பதினான்காம் எண்ணில் இருந்தது பழைய வழி. அன்று மூன்று நிமிடம் உயிர் வந்ததும், அது தன் கடமையைச் செய்திருக்கிறது. பாய் கிளம்பும்போது இன்பாக்ஸைத் துடைத்துவைத்ததால், அதன் கையில் கிடைத்தது அதற்குப் பிறகு வந்த இந்த மூன்று மட்டும்.

சந்தோஷத்தில் நோட்டை எடுத்து, பதினான்கு அடித்திருந்த பக்கத்தைத் திறந்தேன். என் கையெழுத்தில் இப்படி இருந்தது. "ஸ்டோருக்கு. ஃபைல்கள் எடுத்தாச்சு." டிக். "ப்ரிண்டர் மாற்றியாச்சு." டிக். "பாய் மெயில் கணக்கை நீக்கணும், பாஸ்வேர்டு மாற்றணும்." அதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

பெயின்ட் டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரமாக இருந்திருக்கலாம். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டிருக்கலாம். நினைவில்லை. இரண்டு நாளாக ஒவ்வொருவரையும் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு நான் தேடிய ஆள் நானேதான். வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று எனக்குத் தோன்றியதுதான். பூஜையில் யாரோ பழைய மிஷினைப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னால் போதும். பாய் தப்பித்துவிடுவார், நானும் தப்பித்துவிடுவேன்.

எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். அந்தப் பெட்டியை ஒரு கையில் அணைத்து, நோட்டை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். போகிற வழியில் பாயையும் கூப்பிட்டுக்கொண்டேன்.

பெட்டியைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மாறியது. "இதை ஏன் எடுத்துட்டு வந்தீங்க? நான்தான் அன்னிக்கு ரெண்டு பேரை விட்டு எடுக்கச் சொன்னேன். நம்ம முதல் பெரிய ஆர்டர் இதுலதாம்மா வந்துச்சு. பூஜை அன்னிக்கு அது மட்டும் இருட்டுல கிடக்குறது மனசு கேக்கல. நெட் ஒயர் வரைக்கும் மாட்டி நானே போட்டேன். ஆன் ஆச்சு, சந்தோஷமா இருந்துச்சு."

"ஆன் ஆகி, பாய் மெயிலை எடுத்துடுச்சு சார்," என்றேன். அவர் மேஜை மானிட்டரை அதில் மாட்டிக் காட்டினேன். பிறகு நோட்டைத் திறந்து, டிக் இல்லாத வரியின் மேல் விரலை வைத்தேன். "உங்க மேல தப்பில்ல. இந்தக் கணக்கை நாலு வருஷம் முன்னாடியே நான் எடுத்திருக்கணும். எடுக்கல. தப்பு என்னோடது."

முதலாளி நோட்டைப் படித்தார். பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூன்று பேருக்கும் சங்கடமாக இருந்தது. பிறகு மெதுவாக, "நீங்க, நான்னு எதுக்கும்மா இதெல்லாம். சிஸ்டம் ப்ராப்ளம்னு ரெண்டு வரி எழுதி அனுப்பிடலாமே," என்றார்.

"சிஸ்டம் தான் செய்யவேண்டியதைச் சரியாத்தான் செஞ்சிருக்கு சார். நான்தான் செய்யல," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "பாயைப் பத்தி பணியாளரின் கவனக்குறைவுன்னு எழுத இருந்தோம். அந்த இடத்துல கணினிப் பொறுப்பாளரின் கவனக்குறைவுன்னு எழுதுறேன். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவர் பேனாவை ஒரு முறை உருட்டினார். "எழுதுங்க," என்றார். பிறகு பாய் பக்கம் திரும்பி, "தொழுகையைப் பத்தி நான் சொன்னது தப்பு பாய். சொல்லியிருக்கக் கூடாது," என்றார். பாய் தலையசைத்தார்.

கடிதத்தை அன்றே டைப் செய்தேன். பதினான்காம் எண்ணிலிருந்து பாயின் கணக்கை நீக்கினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், நோட்டில் அந்த வரிக்கு எதிரே டிக் போட்டு அன்றைய தேதியை எழுதினேன். மூன்று மெயில்களையும் பாயின் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து வைத்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நோட்டைத் திறந்து அந்த வரியைத்தான் மறுபடி காட்டினேன்.

"நாலு வருஷமாவா அப்படியே இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா பாய்."

அவர் மூன்று மெயில்களையும் ப்ரிண்ட் எடுத்தார், பூஜை வாழ்த்தையும் விடாமல். இன்ஸ்பெக்ஷன் மெயிலின் மூலையில், அது அனுப்பப்பட்ட நேரத்தை எழுதினார். அதற்குக் கீழே, தன் கைக்கு வந்த நாளை எழுதினார். நடுவில் ஒரு வாரம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. பின்னாடி பாக்குறவங்களுக்குத் தெரியணும்ல."

போட்டேன். அவர் காகிதத்தைத் துளை குத்தி, போன வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் கோத்து, ஃபைலை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமையில இருந்து கேட்ல வேலைன்னு வீட்ல இன்னும் சொல்லலம்மா," என்றார். "மூணு நாளா எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இனிமே சொல்ல வேண்டியதில்ல."